ஃப்ளோட்டர்ஸுக்கு விட்ரெக்டமி: சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

கண்ணுக்குள் கொசு பறப்பது போலவும் நூல் மிதப்பது போலவும் தெரிகிற ஃப்ளோட்டர்ஸை அறுவை சிகிச்சையில் எடுத்துவிடலாம். நன்றாகவே எடுபடுகிறது. ஆனால் ஐம்பது வயதைத் தாண்டி, பிறவி லென்ஸ் இன்னும் கண்ணில் இருக்கிற ஒருவர் இதற்குச் சம்மதிக்கிறார் என்றால், இரண்டு அறுவைகளுக்குச் சம்மதிக்கிறார் என்று அர்த்தம். முதலாவது விட்ரெக்டமி, அதாவது கண்ணுக்குள் இருக்கிற ஜெல்லை வெட்டி எடுக்கும் அறுவை. இரண்டாவது, ஒன்றிரண்டு வருடத்துக்குள் பெரும்பாலும் வந்து நிற்கிற கண்புரை அறுவை. எனக்குக் கொடுத்த படிவத்தில் "கண்புரை ஏற்படலாம்" என்று ஒரே ஒரு வரி இருந்தது. ஐம்பதைத் தாண்டியவருக்கு அது கிட்டத்தட்ட உறுதி என்பதை யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால், பணத்தையும் லீவையும் அதற்கேற்ப ஒதுக்கியிருக்கலாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை. இந்த வழியில் இனிமேல் போகப்போகிறவர்களுக்காக இதை வரிசையாக எழுதுகிறேன்.

கண் உருண்டையின் பெரும்பகுதியை நிரப்பியிருப்பது விட்ரியஸ் என்ற ஜெல். அளவில் சுமார் 4 மில்லி. அதில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான், மீதி கொலாஜன் இழைகளும் ஹயலுரானிக் அமிலமும். வயதாக ஆக ஜெல் நீர்த்துப்போய், இழைகள் கட்டிகட்டியாகச் சேர்கின்றன. அவற்றின் நிழல் விழித்திரையில் விழுவதைத்தான் நாம் பூச்சியாகப் பார்க்கிறோம். 50 முதல் 70 வயதுக்குள் பெரும்பாலானவர்களுக்கு இந்த ஜெல் விழித்திரையின் பின்பக்கத்திலிருந்து கழன்றும் விடுகிறது. மருத்துவர்கள் பிவிடி என்பது இதைத்தான். மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்களுக்கு இது முன்னாலேயே வரும். கழலும்போது பார்வை நரம்பின் வாயில் ஒட்டியிருந்த வட்டமான துணுக்கும் சேர்ந்து பிய்ந்து வந்தால், வளையம் மாதிரி ஒரு பெரிய ஃப்ளோட்டர் நடுப்பார்வையில் ஆடிக்கொண்டிருக்கும். அதற்கு வெய்ஸ் வளையம் என்று பெயர். தமிழ் படிக்கிறவர்களுக்கு இது தரும் எரிச்சல் தனி. மெய்யெழுத்தின் மேல் இருப்பது புள்ளியா, கண்ணில் மிதப்பதா என்று ஒவ்வொரு வரியிலும் கண்ணை உருட்டி உறுதி செய்ய வேண்டியிருக்கும். கணக்கு வேலை பார்க்கிறவருக்குத் தசமப் புள்ளியில் இதே தொல்லை.

மற்ற எதையும் பேசும் முன் ஒன்று. திடீரென்று புதுப் புள்ளிகள் கூட்டமாகக் கொட்டினாலோ, இருட்டில் கண்ணோரம் மின்னல் வெட்டுவது போல ஒளி தெரிந்தாலோ, பார்வையின் ஒரு ஓரத்தில் திரை இறங்குவது போல இருந்தாலோ அன்றைக்கே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஜெல் கழலும்போது விழித்திரையையும் சேர்த்து இழுத்துக் கிழித்திருக்கலாம். இந்த அறிகுறிகளோடு வருகிறவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் கிழிசல் இருக்கிறது. கிழிசலாக இருக்கும்போதே பிடித்துவிட்டால் சுற்றிலும் லேசர் போட்டு அடைத்துவிடுவார்கள். உட்கார்ந்தபடியே முடிகிற வேலை. விழித்திரை பிரிந்துவிட்டால் பெரிய அறுவைதான். கண்மணியை விரிக்கும் சொட்டு விட்டு, தலையில் மாட்டிய விளக்கோடு, வெள்ளை விழியை வெளியிலிருந்து சற்றே அழுத்தி ஓரம்வரை பார்த்தால்தான் அது முழுப் பரிசோதனை. விரித்த கண்ணோடு நான்கைந்து மணி நேரம் கிட்டப்பார்வை மங்கும், வெயில் கூசும். வண்டி ஓட்டிக்கொண்டு தனியாகப் போக வேண்டாம். முதல் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றாலும் நான்கு முதல் ஆறு வாரத்தில் மறுபடியும் காட்டச் சொல்வார்கள். கட்டாயம் போங்கள், கிழிசல் சில சமயம் பிந்தித்தான் வரும்.

கிழிசல் இல்லை என்று தெரிந்ததும் மருத்துவர் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "ஒண்ணும் இல்ல சார், வயசுக்கு வர்றதுதான். பழகிடும்." அந்த வார்த்தை அப்போது கோபத்தைத்தான் தரும். ஆனால் அதில் உண்மை இருக்கிறது. முதல் சில மாதங்களில் துணுக்குகள் கீழே இறங்குகின்றன, மூளையும் அவற்றை ஒதுக்கப் பழகுகிறது. பலருக்கு ஆறு மாதத்துக்குள் இது தொல்லை என்ற நிலையிலிருந்து இறங்கிவிடும். அதனால் ஆறு மாதம் ஆகும் முன் கத்தி வைக்கச் சொல்கிற யாரிடமும் அவசரப்பட வேண்டாம். அந்த ஆறு மாதத்தில் வீட்டிலும் தெருவிலும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். தேன் விடு, விளக்கெண்ணெய் விடு, தாய்ப்பால் விடு என்பார்கள். கண்ணின் மேற்பரப்பில் விடுகிற எதுவும் உள்ளே மிதக்கிற இழையைத் தொடப்போவதில்லை. கருவிழியில் கிருமித்தொற்று வரும் ஆபத்துதான் மிச்சம். ஃப்ளோட்டர்ஸைக் கரைக்கும் என்று விற்கிற மாத்திரைகளிலும் காசைப் போடாதீர்கள்.

ஆறு மாதம் கழித்தும் பழகவில்லை என்றால் அடுத்த சங்கடம், அதை நம்பவைப்பது. சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை படித்துவிடுவோம். சீட்டில் 6/6, அதாவது முழுப் பார்வை, என்று எழுதிவிடுவார்கள். கறுப்பு எழுத்தை வெள்ளைப் பலகையில் நின்று நிதானமாகப் படிக்கும் சோதனையில் ஃப்ளோட்டர்ஸின் பாதிப்பு சிக்காது. வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள மெல்லிய வேறுபாட்டைப் பிரித்தறியும் திறன்தான் இதில் குறைகிறது. அதை அளக்கும் கான்ட்ராஸ்ட் சோதனை இருக்கிறதா என்று கேளுங்கள். கண்ணுக்கான அல்ட்ராசவுண்டான பி ஸ்கேன் எடுத்தால் ஜெல்லில் எவ்வளவு அடர்த்தி, பின்பக்கம் கழன்றிருக்கிறதா என்பதும் தெரியும். கூடவே ஒரு காகிதத்தில் உங்கள் ஃப்ளோட்டர்ஸை வரைந்து, எந்த வேலையில் எவ்வளவு நேரம் போகிறது என்று எழுதி எடுத்துப் போங்கள். "ரொம்பத் தொல்லை டாக்டர்" என்பதைவிட, "பத்து நிமிஷத்துக்கு மேல் திரையைப் பார்க்க முடியவில்லை, எதிர் வெயிலில் வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டேன்" என்பது காதில் ஏறும்.

அறுவைக்கு முன் யாக் லேசர் என்றொரு வழியும் சொல்வார்கள். லேசரால் கட்டியை உடைத்து ஆவியாக்குவது. வெய்ஸ் வளையம் மாதிரி ஒற்றைத் துணுக்கு, லென்ஸிலிருந்தும் விழித்திரையிலிருந்தும் சில மில்லிமீட்டராவது தள்ளி இருந்தால் முயலலாம். 2017-இல் வெளியான ஒரு சோதனையில், 52 பேரில் சிலருக்கு லேசரும் மற்றவர்களுக்கு லேசர் போன்ற பாவனையும் செய்து பார்த்தார்கள். ஆறு மாதத்தில் லேசர் பெற்றவர்களுக்கு 54 சதவீத முன்னேற்றம், மற்றவர்களுக்கு 9 சதவீதம். மோசமில்லை, ஆனால் சிறிய சோதனை. மேகம் போலப் பரவிக் கிடக்கிற ஃப்ளோட்டர்ஸுக்கு லேசர் சரிப்படாது. ஒரு பெரிய துண்டைப் பல சிறு துண்டுகளாக்கிவிட்டுப் போவதும் உண்டு.

இனி விட்ரெக்டமி. 1970-இல் மயாமியில் ராபர்ட் மாகமர் தொடங்கிவைத்த முறை. இன்று 25 அல்லது 27 கேஜ் (கேஜ் என்பது கருவியின் பருமனைக் குறிக்கும் எண்) கருவிகளால் அரை மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைந்த துளை வழியாகச் செய்கிறார்கள். பெரும்பாலும் தையலே இல்லை. இதைச் செய்ய வேண்டியவர் விட்ரியஸ் ஜெல்லையும் விழித்திரையையும் பார்க்கிற விட்ரியோ ரெட்டினா பிரிவில் தனியாகப் பயிற்சி பெற்றவர். கண்புரை அறுவையில் கைதேர்ந்தவர் என்பது இதற்குத் தகுதி ஆகாது. சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் போன்ற இடங்களில் இந்தப் பிரிவு பல்லாண்டுகளாக இருப்பதால், தமிழ்நாட்டில் இரண்டாவது கருத்துக் கேட்பது கடினமான காரியம் இல்லை. அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி: எனக்கு பிவிடி முழுதாக ஆகிவிட்டதா? ஆகியிருந்தால் ஜெல்லை எடுப்பதில் ஆபத்து குறைவு. ஆகாமலிருந்தால் இரண்டு வழி. மருத்துவர் ஜெல்லை விழித்திரையிலிருந்து இழுத்துக் கழற்றலாம். அப்போது கிழிசல் வரும் வாய்ப்பு கூடுகிறது. அல்லது பின்பக்க ஜெல்லை அப்படியே விட்டுவிடலாம். பின்னாளில் அது கழலும்போது புது ஃப்ளோட்டர்ஸ் வரும், நீங்கள் கொடுத்த காசுக்குப் பழைய தொல்லையே திரும்பியிருக்கும். இளம் வயதில் மைனஸ் பவரோடு இருப்பவர்களுக்குப் பல மருத்துவர்கள் இந்த அறுவையை மறுப்பதற்கு இதுதான் காரணம். அந்த மறுப்பைத் தட்டிக்கழிப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது கேள்வி, லென்ஸுக்குப் பின்னால் கொஞ்சம் ஜெல்லை விட்டுவைப்பீர்களா என்பது. இங்கேதான் கண்புரைக்கான காரணம் இருக்கிறது. நல்ல ஜெல் விழித்திரைப் பக்கத்து ஆக்சிஜன் லென்ஸை எட்டாமல் தடுக்கிறது. அதிலுள்ள வைட்டமின் சி அந்த ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. ஜெல்லை எடுத்து உப்பு நீர் நிரப்பியதும் லென்ஸுக்கு ஆக்சிஜன் கூடுதலாகக் கிடைக்கிறது, லென்ஸின் நடுக்கரு பழுத்துப் புரையாகத் தொடங்குகிறது. லென்ஸுக்குப் பின்னால் ஒரு படலம் ஜெல்லை மிச்சம் வைத்தால் இது தள்ளிப்போகும் என்று அப்படிச் செய்கிற மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே கண்புரை அறுவை முடிந்து செயற்கை லென்ஸ் வைத்தவருக்கு இந்தக் கவலையே இல்லை; ஃப்ளோட்டர்ஸ் அறுவைக்கு ஆகச் சிறந்த ஆள் அவர்தான். ஓரளவு புரை ஏற்கெனவே இருந்தால் இரண்டையும் ஒரே அமர்வில் செய்யலாமா என்றும் கேளுங்கள். மற்ற ஆபத்துகளையும் எண்ணோடு கேளுங்கள். விழித்திரை பிரிவது, ஆய்வுக்கு ஆய்வு மாறினாலும், நூற்றுக்கு ஒருவரிலிருந்து சிலர் வரை. கண்ணுக்குள் கிருமி புகுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு, ஆனால் வந்தால் பார்வையே போகலாம். உங்கள் மருத்துவரின் சொந்தக் கணக்கு என்ன என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல மருத்துவர் தயங்காமல் சொல்வார்.

பணத்தைப் பற்றி. பேக்கேஜ் என்று ஒரு தொகை சொல்வார்கள். அதற்குள் ஜெல்லை வெட்டி உறிஞ்ச ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கட்டர் பேக் சேர்த்தியா, மயக்கவியல் நிபுணர் கட்டணம் சேர்த்தியா, உள்ளே கிழிசல் தெரிந்து லேசரோ வாயுவோ தேவைப்பட்டால் கூடுதலா என்று தாளில் எழுதி வாங்குங்கள். பேச்சில் கேட்ட தொகைக்கும் பில்லுக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் இந்த மூன்றில்தான் இருக்கும். காப்பீடு இருந்தால் இது அன்றே வீடு திரும்பும் டே கேர் சிகிச்சை என்பதைச் சொல்லி முன் அனுமதி வாங்குங்கள். மருத்துவரின் கடிதத்தில் ஃப்ளோட்டர்ஸ் என்று மட்டும் இருந்தால் அவசியமில்லாத சிகிச்சை என்று திருப்பி அனுப்ப வாய்ப்புண்டு. விட்ரியஸ் ஒபாசிட்டி (ஜெல்லில் உள்ள மறைப்பு) என்ற பெயர், பாதிக்கப்பட்ட வேலைகள், எத்தனை மாதமாக என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இதற்கு மேல் சொட்டு மருந்து, பரிசோதனைக்கு வந்துபோகும் செலவு, மாறும் கண்ணாடி, பிறகு கண்புரை அறுவை. இதையெல்லாம் கூட்டி வருகிற தொகைதான் ஃப்ளோட்டர்ஸை எடுக்க ஆகும் உண்மையான செலவு.

அறுவைக்கு முன் ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஈசிஜி பார்த்து ஃபிட்னஸ் கேட்பார்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள், முடிவு இதய மருத்துவருடையது. சாப்பிட்டு வரலாமா, வெறும் வயிறா என்பது இடத்துக்கு இடம் மாறும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கண் என்று நெற்றியில் குறி போடுவார்கள். சரியான பக்கம்தானா என்று நீங்களும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

எனக்கு அதிகம் பயம் தந்தது கண்ணுக்குப் பக்கத்தில் போடும் மரப்பு ஊசி. அழுத்தம் தெரியும், ஒரு கணம் கடுக்கும், சில நிமிடத்தில் கண் அசையாது, வலி போய்விடும். பிறகு 5 சதவீத பொவிடோன் அயோடின் விட்டுக் கழுவுவார்கள். முகம் முழுக்க மூடும் ஷீட்டை ஒட்டி, கண் இருக்கும் இடத்தில் மட்டும் வெட்டித் திறந்து, இமைகளைக் கிளிப் போட்டு விலக்குவார்கள். ஷீட்டுக்கு அடியில் காற்று வர ஒரு குழாய் வைப்பார்கள். மூச்சு முட்டுகிறவர்கள் இதை முன்கூட்டியே சொன்னால் ஷீட்டை உயர்த்திப் பிடிக்க ஏற்பாடு செய்வார்கள். தும்மலோ இருமலோ வந்தால் முதலில் வாயால் சொல்லுங்கள், கருவியை வெளியே எடுப்பார்கள். கருவிழி ஓரத்திலிருந்து மூன்றரை அல்லது நான்கு மில்லிமீட்டர் தள்ளி மூன்று துளைகள்: ஒன்றில் உப்பு நீர் உள்ளே போகும், ஒன்றில் விளக்கு, ஒன்றில் நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை வெட்டி உறிஞ்சும் கட்டர். சிலருக்கு வெளிச்சம் மட்டும் தெரியும். சிலருக்குக் கட்டரின் நிழல் உள்ளே நுழைவதும், மாதக்கணக்கில் வதைத்த நூல்கள் அதை நோக்கி இழுபட்டு மறைவதும் தெரியும். வலி இல்லை, ஆனால் பார்த்துக்கொண்டே படுத்திருக்க மனம் பதறும். முன்னாலேயே தெரிந்திருந்தால் பதற்றம் பாதியாகும். சிக்கல் இல்லாவிட்டால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

முதல் இரவு கண்ணில் மணல் விழுந்தது போல உறுத்தும், பாராசிட்டமால் போதும். பாராசிட்டமாலுக்கு அடங்காத வலியும் வாந்தியும் வந்தால் கண் அழுத்தம் ஏறியிருக்கலாம், விடியும்வரை காத்திருக்காமல் போன் செய்யுங்கள். மறுநாள் கட்டைப் பிரிக்கும்போது பார்வை மங்கலாகத்தான் இருக்கும். வெள்ளை விழி ரத்தச் சிவப்பாக இருந்தால் பயம் வேண்டாம், ஓரிரு வாரத்தில் வடியும். கீழ்ப்பக்கம் கறுப்பு வட்டங்கள் குலுங்குவதைப் பார்த்து ஃப்ளோட்டர்ஸ் திரும்பிவிட்டது என்று நொறுங்கிப்போகிறவர்கள் உண்டு. அவை உள்ளே நுழைந்த காற்றுக் குமிழிகள். மேலே மிதக்கிறவை; கண்ணில் பிம்பம் தலைகீழாக விழுவதால் கீழே தெரிகின்றன. ஒன்றிரண்டு நாளில் கரைந்துவிடும். அதன் பிறகு ஒரு காலையில் சுவரையும் வானத்தையும் பார்க்கும்போது எதுவும் மிதக்காது. அந்தச் சந்தோஷம் பெரியது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

உள்ளே கிழிசல் கண்டுபிடித்து, அதை மூடிப் பிடிக்க வாயு நிரப்பினால் கதை மாறும். எஸ்எஃப்6 வாயு கரைய இரண்டு மூன்று வாரம், சி3எஃப்8 என்றால் இரண்டு மாதம்வரை ஆகும். அதுவரை விமானம் கூடாது. ஊட்டி, கொடைக்கானலும் கூடாது. உயரம் ஏற ஏற வாயு விரிந்து கண் அழுத்தம் எகிறும், பார்வை போய்விடக்கூடும். வேறு ஏதாவது அறுவைக்கு மயக்கம் கொடுக்க நேர்ந்தால் நைட்ரஸ் ஆக்சைடு தரக்கூடாது என்று சொல்ல வேண்டும். தலையை எந்தப் பக்கம் வைத்துப் படுக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் சேரும். அதனால் அறுவைக்கு அடுத்த மாதத்தில் வெளியூர்ப் பயணமோ கல்யாணமோ வைத்துக்கொள்ளாதீர்கள்.

சொட்டு மருந்துகள் நான்கு முதல் ஆறு வாரம். ஒன்று ஆன்டிபயாடிக், சீக்கிரம் நின்றுவிடும். இன்னொன்று பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு. பாட்டிலை நன்றாகக் குலுக்காமல் விட்டால் மருந்து அடியில் தங்கி வெறும் தண்ணீர்தான் கண்ணில் விழும். இரண்டு மருந்துக்கும் நடுவே ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள். ஸ்டீராய்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும். வலி தெரியாமலே ஏறும். எனவே இரண்டு மூன்று வாரத்தில் வரச்சொன்னால், கண் நன்றாக இருக்கிறதே என்று போகாமல் இருந்துவிடாதீர்கள். சொன்ன நாளோடு நிறுத்துங்கள். மிச்சம் இருக்கிறதென்று விட்டுக்கொண்டே போகாதீர்கள். இரண்டு வாரம் தலைக்குக் குளிக்க வேண்டாம், கழுத்துக்குக் கீழே குளிக்கலாம். விபூதி, குங்குமம் நெற்றியிலிருந்து உதிர்ந்து கண்ணில் விழும், அதையும் தள்ளிவையுங்கள். குனிந்து தண்ணீர் கேன் தூக்குவது, நீச்சல், கண்ணாடி இல்லாமல் பைக் ஓட்டுவது கூடாது. படிப்பதும் திரை பார்ப்பதும் கண்ணைக் கெடுக்காது. களைப்பு வந்தால் நிறுத்தினால் போதும். தூங்கும்போது ஒரு வாரம் கண்ணை மூடும் ஷீல்டு. கண்ணாடிப் பவரை ஆறு வாரத்துக்கு முன் மாற்றினால் அந்தப் பணம் வீண்.

கண்புரை வருவது முதலில் சுகமாகவே தெரியும். படிக்கிற கண்ணாடி இல்லாமல் படிக்க முடியும், பார்வை திரும்பி வந்துவிட்டது என்று தோன்றும். லென்ஸின் நடுக்கரு இறுகி மைனஸ் பவர் ஏறுகிறது என்பதுதான் அதன் பொருள். பிறகு தூரப் பார்வை மங்கும், எதிர் வண்டியின் விளக்கு சிதறும், வெள்ளை நிறம் மஞ்சளாகும். ஒரு மறைப்பைப் போக்கிக்கொண்ட கண்ணில் இன்னொன்று ஏறுவதைப் பார்க்கும்போது வருகிற மனக்கசப்பு கடுமையானது. முன்பே தெரிந்தவருக்கு அது அவ்வளவு வலிக்காது. பவர் மாறிக்கொண்டே இருக்கும் அந்தக் காலத்தில் விலை உயர்ந்த ப்ரோகிரஸிவ் கண்ணாடி வாங்காதீர்கள், ஆறே மாதத்தில் உதவாமல் போகும்.

கண்புரை அறுவைக்குப் போகும்போது விட்ரெக்டமி நடந்த கண் இது என்பதை மருத்துவரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள். பின்னால் தாங்க ஜெல் இல்லாததால் அறுவையின்போது லென்ஸ் உள்வாங்கும், கருவிழிக்குப் பின்னாலுள்ள முன்னறையின் ஆழம் ஏறி இறங்கும், லென்ஸைத் தாங்கும் நார்களும் தளர்ந்திருக்கலாம். தெரிந்த மருத்துவர் நீரின் அழுத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு வேலை செய்வார். தையலில்லாத கண்ணில் தழும்பு பார்த்துக் கண்டுபிடிப்பது எளிதில்லை. ஆகவே விட்ரெக்டமி முடிந்த அன்றே டிஸ்சார்ஜ் சம்மரியைப் படித்து, எந்தக் கண், எத்தனை கேஜ், பிவிடி இருந்ததா அல்லது செய்யப்பட்டதா, லேசர் போட்டார்களா, வாயு நிரப்பினார்களா என்ற ஐந்தும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே எழுதி வாங்கி, போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.